ஊசி காட்டுவதும் உடல் காட்டுவதும்: கருவிலும் குழந்தையிலும் எம்.ஆர்.ஐ.

கருவிலிருக்கும் சிசுவின் மூளையைப் படமெடுக்கிறவரும் ஐந்து வயதுப் பிள்ளையின் மூளையைப் படமெடுக்கிறவரும் ஒரே வகைக் காந்தத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆனால் இரண்டாமவரின் கையில் இருக்கும் ஒன்று முதலாமவருக்குக் கிடைப்பதில்லை. அதுதான் கடோலினியம் கலந்த கான்ட்ராஸ்ட் ஊசி. நோயுள்ள இடத்தை வெள்ளையாக எடுத்துக்காட்டும் அந்த மருந்தைக் கர்ப்பிணித் தாய்க்கு ஏற்ற வைத்தியர்கள் முன்வருவதில்லை. அதனால் சிசுவைப் படமெடுப்பவர்கள் உடலுக்குள் ஏற்கெனவே இருக்கும் வேறுபாடுகளை மட்டும் கொண்டு வாசிக்கப் பழகினார்கள். குழந்தை மருத்துவமோ ஊசியை வேண்டிய போதெல்லாம் பயன்படுத்தியபடி வளர்ந்தது.

இந்த இரண்டு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை. எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்வது இதன் நோக்கமன்று. ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, பதில் சொல்வதற்கு முன்னர் நம்மிடம் எதைக் கேட்கிறது என்பதே இங்கே முக்கியம். அந்த இரண்டாவது பகுதி, பெரிய ஸ்கேன் இயந்திரங்களிலிருந்து தள்ளியிருக்கும், இலங்கையின் செங்கலடி போன்ற ஊர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது.

கறுப்பும் வெள்ளையும் எங்கிருந்து வருகின்றன

எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் நீரைப் பற்றியது. உடல் நீரிலுள்ள ஐதரசன் அணுக்கருக்கள் பெருங்காந்தத்துக்குள் ஓர் ஒழுங்குக்கு வருகின்றன. வானொலி அலை ஒன்று அந்த ஒழுங்கைக் குலைக்கிறது. குலைந்தது மீள எடுக்கும் நேரம் திசுவுக்குத் திசு மாறுபடும். பழைய நிலைக்கு மீளும் நேரத்தை டி1 என்றும், அணுக்கருக்கள் தங்களுக்குள் கொண்டிருந்த ஒத்திசைவு கலையும் நேரத்தை டி2 என்றும் குறிப்பார்கள். நீர் மிகுந்த இடம் டி2 படத்தில் வெள்ளையாகவும் டி1 படத்தில் கறுப்பாகவும் தெரியும். இரத்தக் கசிவில் தங்கிய இரும்பு போன்றவை அருகிலுள்ள காந்தப்புலத்தைச் சீர்குலைத்தால் ஒத்திசைவு இன்னும் விரைவாகக் கலையும். அந்த விரைவை அளப்பது டி2 ஸ்டார். நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் தாராளமாக நகர்கின்றன, எங்கே அடைபட்டு நிற்கின்றன என்பதை டிஃபியூஷன் படம் காட்டும். கழுத்து வழியே மேலே ஏறும் இரத்தத்தையே வானொலி அலையால் குறியிட்டு, அது மூளையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது ஏ.எஸ்.எல். பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 1992இல் அதை முதலில் செய்துகாட்டினார்கள். இவை எல்லாமே உடல் தானாகத் தரும் வேறுபாடுகள்.

ஊசியின் வேலை வேறு. கடோலினியம் அயனில் சோடி சேராத ஏழு இலத்திரன்கள் இருக்கின்றன. அவை பக்கத்திலுள்ள நீரின் டி1 நேரத்தைச் சுருக்கிவிடுவதால், மருந்து போய்த் தங்கும் இடம் டி1 படத்தில் வெள்ளையாகும். தனிக் கடோலினியம் நஞ்சு. ஆகவே அதை ஒரு கரிம மூலக்கூறுக்குள் பிணைத்துத்தான் உடலுக்குள் செலுத்துகிறார்கள். அந்தப் பிணைப்பு திறந்த சங்கிலியாக இருந்தால் நேர்கோட்டு வகை, மூடிய வளையமாக இருந்தால் வளைய வகை. இவ்வகை மருந்துகளில் முதலாவது 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வழக்கமான அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 0.1 மில்லிமோல்.

நலமான மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர் இந்த மருந்தை உள்ளே விடாது. உள்ளே வெள்ளை தெரிந்தால் அந்தச் சுவர் பழுதுபட்டிருக்கிறது, அல்லது அந்த இடத்தில் இயல்பாகவே அப்படியொரு சுவர் இல்லை. எனவே ஊசி எழுப்பும் கேள்வி ஒன்றுதான்: தடுப்பு எங்கே உடைந்திருக்கிறது, இரத்தம் எங்கே மிகுந்து பாய்கிறது? உடலின் சொந்த வேறுபாடுகள் எழுப்பும் கேள்வி அதைவிட அகலமானது: இந்தத் திசு எதனால் ஆனது, எந்தப் பருவத்தில் நிற்கிறது?

கருவறையில்

தாயின் நாளத்தில் ஏற்றிய கடோலினியம் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் இரத்தத்துக்குப் போகிறது. சிசுவின் சிறுநீரகம் அதை வடித்துப் பனிக்குடநீரில் விடுகிறது. சிசு அந்த நீரை விழுங்க, மருந்து மறுபடியும் உள்ளே செல்கிறது. பெரியவர் உடலிலிருந்து சில மணி நேரத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடும் பொருள், இங்கே ஒரு சுற்றுக்குள் சிக்கிக்கொள்கிறது. அது சுற்றும் நேரம் நீள நீள, பிணைப்பிலிருந்து கடோலினியம் கழன்றுவிடும் வாய்ப்பும் கூடும்.

அச்சம் எவ்வளவு நியாயமானது என்று அளக்க முயன்ற பெரிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 14 இலட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்த அந்த ஆய்வு, முதல் மூன்று மாதங்களில் ஊசியில்லாமல் எடுத்த எம்.ஆர்.ஐ.யால் தீங்கு கூடவில்லை என்று கண்டது. கடோலினியம் ஏற்றப்பட்ட சுமார் 400 கர்ப்பங்களில் செத்துப் பிறத்தலும் பிறந்த சிசு இறப்பும், பின்னாளில் சில அழற்சி, தோல் நோய்களும் கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால் அந்தத் தாய்மார் எம்.ஆர்.ஐ.யே எடுக்காதவர்களோடு ஒப்பிடப்பட்டார்கள். ஊசியோடு ஸ்கேன் தேவைப்படும் அளவுக்கு நோயுற்றிருந்த தாயையும் நலமான தாயையும் ஒப்பிட்டது சரியா என்ற கேள்வி எழுந்தது. 2022இல் வந்த அமெரிக்க ஆய்வொன்று ஊசியோடு எடுத்தவர்களை ஊசியின்றி எடுத்தவர்களோடு ஒப்பிட்டு, இறப்பு கூடியதற்குச் சான்றில்லை என்றது. இத்தனைக்குப் பிறகும் நடைமுறை மாறவில்லை. சிசுவைப் பார்ப்பதற்காக ஊசி ஏற்றுவதில்லை. தாயின் உயிருக்கோ நோய் நிர்ணயத்துக்கோ இன்றியமையாதபோது மட்டுமே அது பேச்சுக்கு வருகிறது. பால் கொடுக்கும் தாய்க்கு நிலைமை வேறு. ஏற்றிய மருந்தில் 0.04 சதவீதத்துக்கும் குறைவானதே பாலில் வருகிறது, அதிலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதே குழந்தையின் குடல் வழியே உள்ளே போகிறது. ஆகவே பாலூட்டலை நிறுத்தத் தேவையில்லை என்பதே அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் கல்லூரியின் ஆலோசனை.

ஊசி மூடப்பட்ட வழியென்றால், அடுத்த இடர் அசைவு. ஸ்கொட்லாந்தின் அபர்டீனிலிருந்து 1983இல் கர்ப்பகால எம்.ஆர்.ஐ. பற்றிய முதல் அறிக்கை வந்தபோது ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் நேரம் தேவைப்பட்டது. சிசு அதுவரை அசையாமல் கிடக்குமா? 1980களின் பிற்பகுதியில் தொப்புள்கொடி வழியே தசை தளர்த்தும் மருந்தைச் செலுத்திச் சிசுவைச் சற்று நேரம் அசையாமல் வைத்துப் படமெடுத்தவர்களும் இருந்தார்கள். 1990களில் ஒரே மூச்சில் ஒரு தளத்தை முழுதாகப் பிடிக்கும் அதிவேக டி2 முறை வந்த பிறகே இந்தத் துறை நிலைகொண்டது. ஒரு தளத்துக்கு ஒரு செக்கன் கூட ஆகாது. தளங்களுக்கிடையே சிசு புரண்டாலும், புரண்ட துண்டுகளைக் கணினியில் ஒன்றோடொன்று பொருத்தி முழு மூளையை மீட்டெடுக்கும் கணிதம் 2006க்குப் பின் படிப்படியாக வளர்ந்தது.

இந்த வேகமான டி2 படத்தில், 20 முதல் 28 வாரச் சிசுவின் மூளை அடுக்கடுக்காகத் தெரிகிறது. உள்ளே, நரம்புக் கலங்கள் பிறக்கும் விளிம்பு கறுப்பு. வெளியே, அவை குடியேறும் புறணித் தட்டும் கறுப்பு. இடையே நீர் மிகுந்த வெளிர்ப் பட்டை. எந்தச் சாயமும் ஏற்றாமல், கலங்களின் நெருக்கமும் நீரின் அளவுமே இந்த அடுக்குகளைப் பிரித்துக் காட்டுகின்றன. டி1 படத்தில் சிசுவின் குடலிலுள்ள முதல் மலம் வெள்ளையாகத் தெரியும். குடல் எங்கே போகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்பதற்கு அதுவே இயற்கை தந்த கான்ட்ராஸ்ட். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் ஓட்டை விழுந்து குடல் மேலேறிய சிசுவில், நீர் நிறைந்த நுரையீரலின் கன அளவை டி2 படத்தில் அளந்து, பிறந்தவுடன் அது எவ்வளவு மூச்சுவிடும் என்று மதிப்பிடுகிறார்கள்.

இவ்வளவும் நடைமுறையில் பயன்படுகிறதா என்பதற்குப் பிரித்தானியாவின் 16 நிலையங்களில் நடந்த மெரிடியன் ஆய்வு பதில் தந்தது. மூளைக் குறைபாடு இருப்பதாக அல்ட்ரா சவுண்டில் ஐயம் எழுந்த 570 சிசுக்களில், அல்ட்ரா சவுண்ட் சொன்ன நிர்ணயம் 68 சதவீதத்தில் சரி, எம்.ஆர்.ஐ. சொன்னது 93 சதவீதத்தில் சரி. மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டோரில் அடுத்து என்ன செய்வது என்ற முடிவே மாறியது. ஒரு சொட்டு ஊசிகூட இல்லாமல் பெற்ற பலன் இது.

இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கும் ஒரு முறையும் உண்டு. தாய்க்குச் சிறிது நேரம் ஒட்சிசன் சுவாசிக்கக் கொடுத்தால், நஞ்சுக்கொடி இரத்தத்தின் காந்தத் தன்மை மாறி டி2 ஸ்டார் அளவும் மாறும். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டைச் சிசுக்களில் பொஸ்டன் ஆய்வாளர்கள் இதைச் செய்து 2017இல் வெளியிட்டார்கள். வளர்ச்சி குன்றிய சிசுவின் பக்கம் ஒட்சிசன் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. வெளியிலிருந்து கொடுத்ததென்றாலும் அது எந்தத் தாயும் மூச்சோடு எடுக்கும் பொருளே.

பிள்ளையில்

பிறந்த பின் கதவு திறக்கிறது. ஊசி எங்கே ஈடிணையற்றது என்று கேட்டால், முதலில் மூளைக்காய்ச்சலைச் சொல்ல வேண்டும். காசநோய் மூளை உறைகளைத் தாக்கும்போது, அடிப்பாகத்தில் தடித்துப் படரும் அழற்சி, ஊசி ஏற்றிய படத்தில் வெள்ளைப் போர்வையாகத் தெரிகிறது. ஊசியில்லாப் படத்தில் அதே பிள்ளையின் மூளை ஏறக்குறைய இயல்பாகத் தோன்றக்கூடும். அடுத்தது புற்றுக்கட்டி. சிறுமூளையில் எழும் மெடுல்லோபிளாஸ்டோமா முதுகெலும்புத் தண்டின் மேற்பரப்பில் சின்னஞ்சிறு விதைகளாகச் சிதறியிருக்கிறதா என்று பார்க்க ஊசியே நம்பத்தக்க வழி. அந்தப் பதில்தான் சிகிச்சையின் கடுமையைத் தீர்மானிக்கிறது. இதயத் தசையில் வடு இருக்கிறதா, சிறுநீரகம் எந்த வேகத்தில் வடிக்கிறது என்பன போன்ற கேள்விகளும் இவ்வரிசையில் வரும்.

ஆனால் வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் கொடியதென்று எடுத்துக்கொள்ள முடியாது. பிள்ளைகளில் அடிக்கடி காணும் பைலோசிடிக் அஸ்ட்ரோசைட்டோமா மெல்ல வளரும், அறுத்தெடுத்தால் பெரும்பாலும் குணமாகும் கட்டி. அது ஊசியில் பளிச்சென்று தெரியும். மூளைத்தண்டில் எழும் கொடிய கட்டி சிலவேளை ஊசிக்கு அசையவே அசையாது. மெடுல்லோபிளாஸ்டோமாவின் இயல்பை முதலில் காட்டிக்கொடுப்பதும் பல நேரம் டிஃபியூஷன் படந்தான்: கலங்கள் நெருங்கி அடைந்திருப்பதால் நீர் நகர இடமில்லாமல் அந்த இடம் தனித்துத் தெரிகிறது. பரவலைத் தேட ஊசி, கட்டியின் தன்மையை ஊகிக்க உடலின் வேறுபாடு என்று வேலை பிரிந்துவிடுகிறது.

ஊசியின் மீதான நம்பிக்கை இரண்டு முறை அடிவாங்கியது. டயாலிசிஸ் செய்யும் நோயாளரில் தோல் இறுகும் கொடிய நோய்க்கும் கடோலினியத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று ஒஸ்திரிய வைத்தியர் ஒருவர் 2006இல் காட்டினார். பலமுறை ஊசி பெற்றவர்களின் மூளை ஆழத்தில், ஊசி ஏற்றாத படத்திலும் வெண்மை தங்கியிருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். நேர்கோட்டு மருந்துகளிலேயே இந்தத் தேக்கம் கூடுதல். 2017இல் ஐரோப்பிய மருந்து முகமை நேர்கோட்டு வகைகள் பலவற்றை நிறுத்தி, ஈரல் போன்ற சில தேவைகளுக்கு மட்டும் எஞ்சியவற்றை விட்டுவைத்தது. சிறுநீரகம் நன்றாக இயங்குவோருக்கு மூளைத் தேக்கத்தால் தீங்கு நேர்ந்ததாக உறுதிப்படவில்லை. ஆனாலும் பிள்ளைகளின் கணக்கு பெரியவர்களின் கணக்கு அன்று. மூன்று வயதில் கட்டி அகற்றிய பிள்ளை பதின்வயதைத் தொடுமுன் பலமுறை ஸ்கேன் படுக்கையில் படுக்கிறது. பிறந்த சில வாரச் சிசுவின் சிறுநீரகமோ இன்னும் முழு வேகத்துக்கு வரவில்லை. பாதி அளவிலேயே அதே வெண்மையைத் தரும் கடோபிக்ளினோல் என்ற வளைய வகை மருந்து 2022இல் இரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றதும், கட்டியைத் தொடர்ந்து கவனிக்கும் ஸ்கேன்களில் ஊசியைக் குறைக்கலாமா என்று ஆராய்வதும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை.

வயது தலைகீழாக்கும் படம்

இரண்டு வழிகளும் மிகக் கூர்மையாகப் பிரியும் இடம் வயது. ஊசி காட்டும் வெண்மை இரண்டு வயதிலும் இருபது வயதிலும் ஏறத்தாழ ஒரே பொருள் தருவது. உடல் தரும் வேறுபாடோ வயதோடு உருமாறுகிறது.

பிறந்த சிசுவின் டி2 படத்தில் வெண்பொருள் வெள்ளையாகவும் சாம்பற்பொருள் கறுப்பாகவும் இருக்கும். வளர்ந்தவரில் இது நேரெதிர். சிசுவின் நரம்பிழைகளைச் சுற்றிக் கொழுப்பான மயலின் உறை இன்னும் படியாததால் அங்கே நீர் மிகுந்திருப்பதே காரணம். உறை படியப் படிய நீர் குறைந்து வெண்பொருள் கறுக்கிறது. இடையில், ஏறத்தாழ ஆறு முதல் ஒன்பது மாதத்தில், இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிப் பிரித்தறிய முடியாத காலம் ஒன்று வருகிறது. பெரியவரின் மூளையை வகைப்படுத்தப் பழகிய கணினி நிரல்கள் அங்கே தடுமாறுவதால், அந்த மாதங்களுக்கென்றே தனி முறைகள் உருவாக்க வேண்டியிருக்கிறது. டி1 படம் ஒரு வயதளவிலும் டி2 படம் இரண்டு வயதளவிலும் பெரியவர் தோற்றத்தை எட்டுகின்றன.

கருவில் இது இன்னும் கடுமை. 20 வாரச் சிசுவின் மூளை வழவழப்பாக இருப்பதுதான் இயல்பு. மடிப்புகள் ஒரு கால அட்டவணைப்படி வருகின்றன; நடுப்பள்ளம் 24 முதல் 26 வாரங்களில் துலங்கத் தொடங்குகிறது. 32 வாரத்திலும் அதே வழவழப்பு இருந்தால் அது கொடிய வளர்ச்சிக் குறைபாடு. ஒரே படம், ஒரே மூளை. வாரக்கணக்கு தவறினால் நலமான சிசு நோயாளியாகும், நோயுற்ற சிசு நலமானதாகும். ஊசியின் வெண்மையை வாசிக்க நோயாளியின் எடையும் சிறுநீரகமும் தெரிந்தால் பெருமளவு போதும். உடல் தரும் வேறுபாட்டை வாசிக்க வயது துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும்.

நேரமும் மயக்கமும்

ஊசி வேண்டாம் என்று ஒதுக்குவது எப்போதும் இலாபமாகாது. ஏ.எஸ்.எல். போன்ற முறைகளுக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகத் தேவை. அவை அசைவைப் பொறுக்காதவை. இரண்டு வயதுப் பிள்ளை அதுவரை அசையாமல் கிடக்க மயக்க மருந்து தேவைப்படலாம். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு நீண்ட நேரம் அல்லது திரும்பத் திரும்ப மயக்க மருந்து கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்து நிருவாகம் 2016இல் எச்சரித்திருக்கிறது. ஒரு மருந்தைத் தவிர்க்கப் போய் இன்னொரு மருந்தைக் கூட்டிவிட்டோமா என்பதையும் எடைபோட வேண்டும்.

இங்கே சிசுவைப் படமெடுத்த அனுபவம் கைகொடுக்கிறது. அசையும் சிசுவுக்காக வந்த அதிவேகப் படமுறையும் துண்டுகளைப் பொருத்தும் கணிதமும் இப்போது குழந்தைகளின் ஸ்கேனிலும் பயன்படுகின்றன. பால் கொடுத்துத் துணியில் சுற்றி, காதைப் பொத்தித் தூங்கவைத்தே பிறந்த குழந்தைகளைப் படமெடுக்கலாம் என்பதை இலண்டனில் நடந்த டெவலப்பிங் ஹியூமன் கனெக்டோம் திட்டம் நூற்றுக்கணக்கான சிசுக்களில் செய்துகாட்டியது. காந்தத்தின் வலிமையைக் குறைப்பதிலும் பலனுண்டு. 0.55 டெஸ்லா இயந்திரத்தில் சிசுவைப் படமெடுக்கலாம் என்று இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். அதன் குழாய் அகலமானதால் நிறைமாதத் தாய்க்கு இடநெருக்கடி குறைவு. உடல் சூடேறுவது குறைவு. டி2 ஸ்டார் நேரம் நீள்வதால் நஞ்சுக்கொடியை அளப்பது எளிது. ஊசி எடுபடும் திறமோ வலிமைக்கு வலிமை மாறும். வலிமை குறைந்த, விலையும் பராமரிப்பும் குறைந்த காந்தங்கள் உடலின் சொந்த வேறுபாடுகளை நம்பும் பக்கத்துக்கே அதிகம் உதவுகின்றன. இலங்கை போன்ற நாட்டுக்கு இது சிறிய செய்தியன்று.

நம் பக்கத்து ஆய்வுகள்

இந்தப் பிராந்தியத்தில் நடந்த இரண்டு முயற்சிகளும், வெளியே நடந்தாலும் இங்கே மிகவும் தேவைப்படும் ஒன்றும் உடல் தரும் வேறுபாட்டின் வலிமையைக் காட்டுகின்றன.

முதலாவது ஹீலிக்ஸ். பிறக்கும்போது மூளைக்கு ஒட்சிசன் கிடைக்காமல் பாதிக்கப்பட்ட சிசுக்களின் உடலைக் குளிர்வித்தால் மூளை காக்கப்படுமா என்று இந்தியா, இலங்கை, வங்காளதேசத்தின் ஏழு வைத்தியசாலைகளில் 2015 முதல் 2019 வரை 408 சிசுக்களில் சோதித்தார்கள். இலண்டன் இம்பீரியல் கல்லூரி வழிநடத்திய இந்த ஆய்வில் சென்னை மருத்துவக் கல்லூரியும் பங்கெடுத்தது. மேலை நாடுகளில் வழக்கமான சிகிச்சை இங்கே பலன் தரவில்லை. குளிர்வித்தவர்களில் 42 சதவீதமும் மற்றவர்களில் 31 சதவீதமும் இறந்தார்கள். காயத்தின் தன்மையை ஆராய ஊசியில்லா எம்.ஆர்.ஐ.யும் மூளையின் வேதிப்பொருட்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியும் பயன்பட்டன. ஊசியைத் தேட வேண்டிய அவசியமே எழவில்லை. காயம்பட்ட மூளையில் நீரின் நகர்வும் வேதிப்பொருளின் அளவுமே தடயங்கள்.

இரண்டாவது தரணி. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட சிசு மூளை வரைபடம் இது. சென்னை மெடிஸ்கேனும் சவீதா மருத்துவக் கல்லூரியும் இதில் துணை நின்றன. 14 முதல் 24 வாரம் வரையான ஐந்து மூளைகளை, இறப்புக்குப் பின், மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி 5,132 வெட்டுப் படங்களாகத் தந்திருக்கிறார்கள். உயிருள்ள சிசுவின் டி2 படத்தில் தெரியும் கறுப்புப் பட்டை எந்தக் கலங்களின் நெருக்கம் என்பதைச் சரிபார்க்க இதைப் போன்ற ஓர் அகராதி தேவை. சிசுவுக்கு ஏற்ற முடியாத சாயத்தை இறந்த திசுவில் ஏற்றி, உயிருள்ள சிசுவின் படத்தை வாசிக்கும் திறவுகோலாக்கியிருக்கிறார்கள். தென்னாசிய மூளைகளைக் கொண்டே அது அமைந்தது நம் சிசுக்களுக்குக் கூடுதல் பொருத்தம்.

மூன்றாவது நம் நாட்டுத் தலசீமியாப் பிள்ளைகளுக்கு வேண்டியது. குருநாகலில் பெரிய சிகிச்சை மையம் இருக்கும் அளவுக்கு இலங்கையில் இந்நோய் பரவலானது. மாதந்தோறும் இரத்தம் ஏற்றும் பிள்ளையின் இதயத்திலும் ஈரலிலும் இரும்பு படிகிறது. 2001இல் இலண்டன் ரோயல் பிரம்டன் வைத்தியசாலையில், இதயத்தின் டி2 ஸ்டார் நேரம் 20 மில்லிசெக்கனுக்குக் கீழே போனால் இரும்பு படிந்திருக்கிறது என்று காட்டினார்கள். 10க்குக் கீழே போனால் இதயம் சோரும் ஆபத்து மிகும். நோய் தந்த இரும்பே இங்கே கான்ட்ராஸ்ட். கடோலினியத்தால் சேர்க்க எதுவுமில்லை.

படம் எதற்குப் பயன்படுகிறது என்பதைச் சட்டமும் தீர்மானிக்கிறது. இந்தியக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தம், கடும் சிசுக் குறைபாட்டை மருத்துவ வாரியம் உறுதிசெய்தால் வார வரம்பின்றிக் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையோ தாயின் உயிரைக் காக்க மட்டுமே விடுகிறது. ஆகவே அதே எம்.ஆர்.ஐ. அங்கே ஒரு முடிவெடுக்கும் கருவி. இங்கே அது ஆயத்தப்படும் கருவி: எங்கே பிரசவம், அருகில் சிசு அறுவைச் சிகிச்சை இருக்கிறதா, பிறந்த அன்றே எதைக் கவனிப்பது என்பதற்கான திட்டம்.

செங்கலடியிலிருந்து பார்த்தால்

பேராதனையில் தொடங்கி பதுளை வழியே மலையிறங்கும் ஏ5 வீதி வந்து முடியும் இடம் செங்கலடி. ஏறாவூர்ப்பற்றின் வயற்கிராமங்களிலிருந்து இங்கே வரும் தாய்க்கு, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை 16 கிலோமீற்றர் தூரம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. சிசு எம்.ஆர்.ஐ. வாசிப்பதற்கென்றே பயின்றவர்கள் உலகின் பெரும்பாலான ஊர்களைப் போலவே இங்கும் தொலைவில்தான். அப்படியானால் இந்த ஒப்பாய்வால் இவ்வூருக்கு என்ன?

இரண்டு வழிகளும் ஸ்கேன் அறைக்கு வெளியே இருக்கும் தகவலை நம்பியிருக்கின்றன என்பதே விடை. உடல் தரும் வேறுபாடு கேட்பது வயது. அது கருவுக்கு, முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த அல்ட்ரா சவுண்டில் சிசுவின் நீளத்தை அளந்து குறித்த வாரக்கணக்கு. கடைசி மாதவிடாய்த் திகதி நினைவில் தவறலாம். அந்த ஆரம்ப அளவு சில நாட்களுக்கு மேல் தவறாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல் நிறைமாதத் திகதியிலிருந்து எண்ணிய திருத்திய வயது. ஊசி கேட்பது எடை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் அளவு, முன்னர் எத்தனை முறை எந்த மருந்து ஏற்றப்பட்டது என்ற வரலாறு. இவற்றில் பெரும்பாலானவற்றைக் குறிப்பவர் கொழும்பு நிபுணரல்லர். கிராமத்தில் கிளினிக் நடத்தும் குடும்பநல உத்தியோகத்தரும், கர்ப்பிணிப் பதிவேட்டை நிரப்பும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும், குழந்தையின் எடையைப் பதிவேட்டில் புள்ளியிடும் கையுமே அவற்றைக் குறிக்கின்றன.

சிசு மூளையின் நீரறை 10 மில்லிமீற்றரைத் தாண்டியதாகக் கிளினிக் ஸ்கேனில் தெரிந்து, தாய் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'எம்.ஆர்.ஐ. மூளை' என்று மட்டும் எழுதிய கடிதத்தோடு போகிற தாயின் படம், வாரக்கணக்கு ஐயத்துக்கிடமானால் ஐயத்தோடேயே வாசிக்கப்படும். '11 வாரத்தில் அளந்த கணக்கின்படி இன்று 27 வாரம். நீரறை 13 மில்லிமீற்றர். மடிப்புகள் வாரத்துக்கேற்ப இருக்கின்றனவா, இரத்தக் கசிவு இருக்கிறதா?' என்று எழுதிய கடிதம், எந்தப் படமுறையை எடுப்பது என்பதையே மாற்றும். அவ்வாறே காய்ச்சலும் வாந்தியுமாக மூன்று வாரம் கிடந்த பிள்ளைக்கு 'காசநோய் மூளைக்காய்ச்சல் ஐயம்' என்ற சொற்கள் இருந்தால் ஊசி தவறாது ஏற்றப்படும். தலசீமியாப் பிள்ளைக்கு 'இரும்புப் படிவு அளக்க' என்றிருந்தால் ஊசி தவறாது தவிர்க்கப்படும்.

கருவறை ஊசியை மறுத்ததால் ஓர் ஆய்வுத்துறை உடலையே கூர்ந்து வாசிக்கக் கற்றுக்கொண்டது. அந்தக் கூர்மை பிள்ளைகளுக்கும் வந்துசேர வேண்டுமானால், ஊசி ஒரு வழக்கமாக இருப்பதை விட்டு ஒரு கேள்விக்கான பதிலாக வேண்டும். கேள்வியைத் தெளிவாக எழுதும் பொறுப்பு பிள்ளையை முதலில் பார்ப்பவருடையது. அந்தப் பொறுப்பை ஏற்கச் செங்கலடிக்குப் பெருங்காந்தம் வேண்டியதில்லை. நேரத்தோடு எடுத்த முதல் ஸ்கேனும், பிழையில்லாமல் நிரப்பிய பதிவேடும், ஒரு வரிக் கேள்வியோடு எழுதிய கடிதமும் போதும்.